ஐந்துகாய வரம்: பெரியம்மா பார்க்கப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் ஒரு பெண்ணுக்குத் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் உள்ளங்கையில் இரத்தம் கசிகிறதாம். வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றுகிறது. கடலூர் முதுநகரில் இருக்கும் உங்கள் பெரியம்மா, வேன் வைத்துக்கொண்டாவது போய்ப் பார்த்தே தீருவேன் என்கிறார். சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்கள் ஒருவர் உடலில் தோன்றும் ஐந்துகாய வரம் என்பது உண்மையா, அதை நம்பியே ஆக வேண்டும் என்று திருச்சபை சொல்கிறதா, மருத்துவத்தில் விளக்கம் உண்டா, பெரியம்மாவை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம் காயம் கட்டும் அறையில்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் உறவு உண்டு. இரண்டு பக்கத்தோடும் சண்டையும் உண்டு.

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நம்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாச அறிக்கையில் ஐந்துகாயத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. காயம் பெற்றவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தாலும் இதில் மாற்றம் இல்லை. அந்தப் பட்டம் அவர் வாழ்ந்த விதத்துக்கும், இறந்தபின் அவர் பரிந்துரையால் நடந்ததாக ஏற்கப்பட்ட புதுமைக்கும், அதாவது அற்புதத்துக்கும், கொடுப்பது. உள்ளங்கைக்குக் கொடுப்பது அல்ல. இத்தாலியத் துறவி பத்ரே பியோவின் புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை, மூளைக்காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுவன் பிழைத்தது. அவருடைய கைக் காயங்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். நாம் ஐந்துகாய வரம் என்பதை மேல்நாட்டில் ‘ஸ்டிக்மாட்டா’ என்பார்கள். கிரேக்கச் சொல். ‘ஸ்டிக்மா’ என்றால் அடிமையின் தோலில் இடும் சூட்டுக்குறி அல்லது பச்சைக்குறி. இவன் இன்னாருடைய ஆள் என்று காட்டும் அடையாளம். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் (6:17) இயேசுவின் அடையாளங்களை என் உடலில் சுமக்கிறேன் என்கிறார் பவுல். அங்கே வருவது இந்தச் சொல்தான். பிரம்படியும் கல்லடியும் பட்டுத் தன் உடம்பில் நின்றுபோன தழும்புகளைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். திருவஹீந்திரபுரத்தில் தோளில் சங்கும் சக்கரமும் சூடு போட்டுக்கொண்ட வைணவப் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் பெருமாளின் ஆள் என்பதற்கு அது அடையாளம். பவுல் பேசுவதும் அந்த ரகம்தான். இன்னொரு வேடிக்கை: மிஷன் வீதியில் இருக்கும் நம் பேராலயத்தைச் சம்பா கோயில் என்கிறோமே, சேசு சபையார் காலத்தில் அந்தக் கோயில் புனித பவுல் பெயரில் இருந்ததால் ‘சென் பால்’ திரிந்து சம்பா ஆனது என்பார்கள். சொல்லைக் கொடுத்தவரின் பெயரைத் தெரியாமலே ஆட்டோக்காரரிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பவுலின் தழும்பு, ஆறாத காயமாக மாறியது பதின்மூன்றாம் நூற்றாண்டில். 1224 செப்டம்பர், இத்தாலியில் லா வெர்னா என்ற மலை. அசிசியின் பிரான்சிஸ் அங்கே நாற்பது நாள் நோன்பில் இருந்தார். திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி, ஆறு சிறகுள்ள சேராபீன் என்ற வானதூதர் ஒருவர் சிலுவையில் அறையுண்ட கோலத்தில் அவருக்குக் காட்சி கொடுத்தார். காட்சி மறைந்தபோது இரு கை, இரு கால், வலது விலா என ஐந்து இடத்தில் அடையாளம் இருந்தது. அவர் வரலாற்றை முதலில் எழுதியவர் செலானோ ஊர்த் தோமா. அவர் ‘துளை’ என்று எழுதவில்லை. சதையே ஆணிபோலத் திரண்டு நின்றது, உள்ளங்கையில் ஆணித்தலை உருண்டையாக, புறங்கையில் கூர்முனை நீண்டு, என்று எழுதுகிறார். பின்னால் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரத்தம் கசியும் புண்தான். இந்தச் சதை ஆணியை நான் எந்தப் புத்தக நோயோடும் பொருத்திப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். அவருக்கு மலேரியா இருந்திருக்கலாம், தொழுநோய் இருந்திருக்கலாம் என்று எழுதிய மருத்துவர்கள் உண்டு. தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர், எகிப்து போய்க் கண் நோயோடு திரும்பியவர் என்பதால் அப்படி யோசிப்பதில் தப்பில்லை. ஆனால் ஆளே இல்லாத நோயாளிக்கு எட்டு நூற்றாண்டு தாண்டி நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். மறுத்துப் பேச அவர் வரப்போவதில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பிரான்சிஸ் அந்தக் காயங்களை மறைத்தார். உயிரோடு இருந்தபோது விலாக் காயத்தைப் பார்த்தவர் சகோதரர் எலியா; தற்செயலாகக் கை பட்டுத் தெரிந்துகொண்டவர் ருபீனோ. 1226 அக்டோபர் 3 அன்று அவர் இறந்து, உடலைக் கிடத்திய பிறகுதான் ஊர் பார்த்தது. எலியா அதன் பிறகே கடிதம் எழுதிச் சபையாருக்கு அறிவித்தார். அவருடைய நெருங்கிய தோழர் லேயோ வைத்திருந்த ஒரு சிறு தோல்தாள் இன்றும் அசிசியில் இருக்கிறது. ஒரு பக்கம் பிரான்சிஸ் தம் கையால் எழுதிய இறைப்புகழ்ச்சி, மறுபக்கம் லேயோவுக்கு ஆசீர். அதே தாளில் லேயோ, மலையில் நடந்ததைப் பற்றிச் சிவப்பு மையில் நாலு வரி குறித்திருக்கிறார். கூட்டத்துக்குக் காட்ட எழுதியது அல்ல அது. மடித்து உடம்போடு வைத்துக்கொண்ட தாள். மடிப்புத் தடம் இன்னும் தெரிகிறது.

பிரான்சிஸ் இறந்தது அசிசிக்குக் கீழே இருக்கும் சம்மனசுகளின் (வானதூதர்களின்) மாதா கோயிலடியில். நம் கடற்கரையில், ஜோன் ஆஃப் ஆர்க் சிலைக்கு எதிரே, டுமாஸ் வீதியில் ஒரு கோயில் இருக்கிறதே, அதன் பெயரும் சம்மனசுகளின் மாதா கோயில்தான். ஊர் வாயில் கப்ஸ் கோயில். கப்ஸ் என்றால் கப்புச்சின். பிரான்சிசின் வழிவந்த, கூம்புத் தொப்பி அங்கி போட்ட துறவிகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே வந்த அவர்கள் தங்கள் ஞானத்தகப்பன் இறந்த கோயிலின் பெயரையும் கையோடு கொண்டுவந்தார்கள். இப்போதுள்ள கட்டடம் 1855-ல் எழுந்தது. மாலை நடையில் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போகிறோம்!

அந்தக் கப்புச்சின் சபையில்தான் பத்ரே பியோ வருகிறார். உங்கள் பெரியம்மா வீட்டில் அவர் படம் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தாடி, பழுப்பு அங்கி, விரல் மட்டும் வெளியே தெரியும் கையுறை. 1887-ல் பிறந்தவர். 1918 செப்டம்பர் 20 அன்று, சான் ஜோவான்னி ரொத்தோந்தோ மடத்தில், பாடுபட்ட சுரூபத்துக்கு (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலைக்கு) எதிரே ஜெபித்துக்கொண்டிருந்தபோது கை, கால், விலாவில் காயம் வந்தது. 1968 செப்டம்பர் 23 அன்று இறக்கும்வரை ஐம்பது வருஷம்.

இங்கேதான் நர்ஸாக நான் நிற்கிறேன். காயம் சும்மா இருக்காது. அது ஆறும், அழுகும், இல்லை பரவும். ஆறும் காயத்தில் ஓரத்திலிருந்து மெல்லிய தோல் உள்நோக்கி நகர்ந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். நடுவில் மாதுளம் முத்துபோலச் சதை எழும்பும். கட்டைப் பிரிக்கும்போது துணி அதில் ஒட்டிக்கொள்ளும், உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுப்போம். கெட்டுப்போகும் காயம் நிறம் சொல்வதற்கு முன்னால் வாடை சொல்லும். வாசலில் நிற்கும்போதே எந்தக் கட்டிலில் சர்க்கரைப் புண் என்று தெரியும். ஐம்பது வருஷம் ஆறாமலும் அழுகாமலும் ஒரு புண் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது எங்கள் தொழிலில் கண்டிராத ஒன்று. அதைவிட ஒரு படி மேலே, அவர் இறந்தபோது கைகளில் தழும்புகூட இல்லை. தோல் முழுவதையும் தாண்டி ஆழமாய் வெட்டிய காயம் தழும்பில்லாமல் மூடாது. அப்படியானால் ஒன்று அது ஆழமான காயம் அல்ல, அல்லது அது நான் படித்த விதிக்குள் அடங்காதது.

பார்த்த டாக்டர்களும் இதே இடத்தில்தான் பிரிந்தார்கள். 1919-ல் சோதித்த ரொமனெல்லி, கையை இருபுறமும் அழுத்தியபோது உள்ளே வெற்றிடம் இருப்பதாக உணர்ந்தேன் என்றார். அதே வருஷம் வந்த பிஞ்ஞாமி, மேல்தோல் புண்தான் என்றார். பிஞ்ஞாமி சாதாரண ஆள் அல்ல. மலேரியா கொசுவால் பரவுவதை நிறுவிய இத்தாலிய ஆய்வாளர்களில் ஒருவர், மதநம்பிக்கை இல்லாதவர். மனநிலையால் தோல் கெட்டுப்போய் ஆரம்பித்திருக்கலாம், தெரிந்தோ தெரியாமலோ ரசாயனம் பட்டு ஆறாமல் நின்றிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. மருத்துவரும் துறவியுமான ஜெமெல்லி 1920-ல் வந்தார். மேலிடத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் காட்ட முடியாது என்று பியோ கையைக் காட்டவில்லை. ஜெமெல்லி கடைசிவரை சந்தேகத்தோடுதான் இருந்தார். கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினி விஷயமும் உண்டு. பியோ மருந்துக்கடையிலிருந்து இரகசியமாக அதை வரவழைத்தார் என்ற வாக்குமூலங்கள் வத்திக்கான் கோப்பில் இருப்பதை லுஸ்ஸாத்தோ என்ற வரலாற்றாசிரியர் 2007-ல் வெளியிட்டார். இன்ஃபுளுயன்சா பரவிய காலம், ஊசிகளைச் சுத்தம் செய்ய வாங்கினார் என்பது பியோ தரப்புப் பதில். அந்தக் கால மருத்துவமனைகளின் வாசமே கார்பாலிக்தான், ஆகவே பதிலைத் தள்ளிவிட முடியாது. அதே அமிலம் தோலைப் பொசுக்கும் என்பதையும் மறைக்க முடியாது.

சரி, திருச்சபை என்ன செய்தது? கொண்டாடியது என்று நினைப்பீர்கள். 1923-ல் வத்திக்கான், இது இறைச்செயல் என்று உறுதிப்படவில்லை என்று அறிக்கை விட்டது. 1931-ல் பொதுவில் பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் தடை போட்டது. 1933-ல்தான் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அதைத் தளர்த்த ஆரம்பித்தார். அந்தக் காலம் முழுக்க பியோ ஒரு பேட்டி கொடுக்கவில்லை, எதிர்த்து ஒரு வரி எழுதவில்லை. காயம் வந்து ஒரு மாதத்தில் தம் ஆன்ம குருவுக்கு எழுதிய கடிதத்தில், வலி இருக்கட்டும், இந்த வெளி அடையாளம் போய்விடட்டும், வெட்கத்தால் செத்துவிடுவேன் போலிருக்கிறது என்ற தொனியில் கெஞ்சியிருக்கிறார். 2002-ல் புனிதரானபோது அருகே 1956-ல் அவர் கட்டிய பெரிய மருத்துவமனை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கட்டடம் கையுறையைவிடப் பெரிய சாட்சி. இது நர்ஸின் ஓரவஞ்சனை என்றும் சொல்லலாம்.

மறைக்கிறாரா, காட்டுகிறாரா? இந்த விஷயத்தில் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். காட்டியவர்கள் கதை வேறு மாதிரி முடிந்திருக்கிறது. லிஸ்பனில் மரியா தெ லா விசித்தாசியோன் என்று ஒரு மடத்துத் தலைவி இருந்தார். ஐந்துகாயத்துக்காக ஐரோப்பா முழுக்கப் பேர். லூயிஸ் தெ கிரனாதா போன்ற பெரிய பிரசங்கியே நம்பி அவர் வரலாற்றை எழுதினார். 1588-ல் திருச்சபை விசாரணைக்காரர்கள் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கையைத் தேய்த்தார்கள். காயம் கழுவிக்கொண்டு போய்விட்டது, சாயம்! அதற்கு முன்னே கொர்தோவாவில் மக்தலேனா தெ லா குருஸ் என்பவர் பல வருஷம் புனிதையாகப் போற்றப்பட்டு, 1543-ல் எல்லாம் ஏமாற்று என்று தானே ஒப்புக்கொண்டார்.

இதில் சபைச் சண்டையும் உண்டு. சியன்னா கத்தரீனம்மாள் 1375-ல் பீசாவில் காயங்களைப் பெற்றார். ஆனால் வெளியே தெரிய வேண்டாம் என்று வேண்டிக்கொண்டதால் வலி மட்டும் இருந்தது, தழும்பு இல்லை. அவர் சாமிநாதர் (டொமினிக்) சபையின் மூன்றாம் நிலையைச் சேர்ந்தவர். படங்களில் அவருக்குக் காயம் வரைவதைப் பிரான்சிஸ்கன் சபையார் பொறுக்கவில்லை. நான்காம் சிக்ஸ்துஸ் பாப்பரசர், அவரும் பிரான்சிஸ்கன்தான், கத்தரீனம்மாளைக் காயத்தோடு வரையக் கூடாது என்றே தடை போட்டார். வரத்துக்கு ஏகபோக உரிமை கொண்டாடிய கதை!

மருத்துவ விளக்கங்களுக்கு வருகிறேன். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், காயம் வரும் இடம். சிலுவையில் உடல் எடையைத் தாங்க ஆணி மணிக்கட்டுப் பக்கம் அடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பார்பே என்ற பிரெஞ்சு அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1930-களில் வாதிட்டார். நற்செய்தியில் வரும் ‘கை’ என்ற கிரேக்கச் சொல் முன்கையையும் சேர்த்தே குறிக்கும், ஆகவே அதில் முரண்பாடு இல்லை. 1968-ல் எருசலேமில் கிடைத்த, சிலுவையில் இறந்த ஒருவரின் குதிகால் எலும்பில் ஆணி பக்கவாட்டில் ஏறியிருந்தது. ஆனால் ஐந்துகாயம் பெற்றவர்களுக்கு உள்ளங்கையிலும் பாதத்தின் மேற்புறத்திலும்தான் பெரும்பாலும் வருகிறது. விலாவிலும் ஒற்றுமை இல்லை. பிரான்சிசுக்கு வலம், பியோவுக்கு இடம். யோவான் நற்செய்தி எந்தப் பக்கம் என்று சொல்லவேயில்லை.

அப்போது அந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்கிறோம் அல்லவா, எங்கள் பங்குக் கோயில் சுரூபத்தில் கால் காயத்தின் சிவப்புப் பெயிண்ட் உதடு பட்டுப் பட்டுத் தேய்ந்து உள்ளே மரம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்டர் வந்து மறுபடி சிவப்பு வைப்பார். சின்ன வயதிலிருந்து நம் மனதில் பதிந்த காயம் அந்தக் காயம்தான். இத்தாலியில் லூக்கா என்ற ஊரின் ஜெம்மா கல்கானிக்கு 1899-ல் வந்த காயங்கள், அவர் முன்னே இருந்து ஜெபித்த சுரூபத்தின் காயங்களை ஒத்திருந்தன என்று அவருக்கு நெருக்கமானவர்களே எழுதியிருக்கிறார்கள். மனம் கண்டதை உடல் எழுதுகிறது. இதனால் கடவுள் வெளியே போய்விடுகிறார் என்று அர்த்தமில்லை. உள்ளத்தில் பட்ட அன்பின் காயம் சில சமயம் வெளியே வழிந்து உடம்பிலும் தெரியும் என்று ஸ்பானியத் துறவி சிலுவை அருளப்பரே பதினாறாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அவர் இதை மனநோய் என்ற பொருளில் சொல்லவில்லை. ஆனால் பாதை உள்ளத்திலிருந்து உடம்புக்கு என்பதில் அவருக்கும் டாக்டருக்கும் சண்டை இல்லை.

அப்படி மனம் தோலை உடைக்க முடியுமா? கொஞ்சம் முடியும். இரத்த வியர்வை என்று ஒன்று மருத்துவத்தில் உண்மையாகவே உண்டு. மிக அபூர்வம், கடும் மன அழுத்தத்தில் வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்கள் கசிந்து வருவது என்கிறார்கள். மன உளைச்சலோடு சேர்ந்து தோலில் தானாகவே வரும் வலியுள்ள கன்றல்களை, அவற்றை 1955-ல் விவரித்த இரு மருத்துவர்கள் பெயரால் கார்ட்னர்-டயமண்ட் நோய் என்பார்கள்; பெரும்பாலும் பெண்களுக்கு. 1932-ல் லெஹ்லர் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர், சிலுவைப்பாட்டுப் படங்களைப் பார்த்துக் கைகால் வலிக்கிறது என்ற ஓர் இளம்பெண்ணுக்கு, ஆணி ஏறுவதாக நினைத்துக்கொள் என்று மனதில் ஏற்றியே காயம் வரவைத்ததாக எழுதினார். ஆனால் இவை எதுவும் ஐம்பது வருஷப் புண்ணுக்குப் பொருந்தாது. தோல் கசிவதும், ஆழமாய்க் குழிவிழுவதும் வேறு வேறு.

பெண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆம்பேர்-கூர்பேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1894-ல் ஐந்துகாயம் பெற்றவர்களைப் பட்டியல் போட்டபோது 321 பேர் வந்தார்கள், அதில் 280 பேர் பெண்கள். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு என் வார்டில் பார்த்த ஒரு பெண்தான் நினைவுக்கு வருகிறாள்.

இருபது வயதுக்குள் இருக்கும். தவக்காலம். இரண்டு உள்ளங்கையிலும் புண், வெள்ளிக்கிழமை வந்தால் இரத்தம். வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் வந்து முழந்தாள்படியிட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய டாக்டர் ஒன்றும் பேசவில்லை. மருந்து வைத்து, இரண்டு கைக்கும் முழங்கைவரை மாவுக்கட்டு போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து வெட்டிப் பார்த்தால் இரண்டு புண்ணும் அழகாக மூடிவிட்டன. அவள் தலையணை உறையின் தையலுக்குள் ஒரு ஊக்கு இருந்ததைப் படுக்கை மாற்றும்போது நான் பார்த்தேன். எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன், யாரிடமும் காட்டவில்லை. இரவு ஷிப்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிடிக்காத இடத்தில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கையில் இரத்தம் வர ஆரம்பித்ததும் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். ‘முதல் தடவை தெரியாமல்தான் குத்தியது அக்கா’ என்றாள். அதையும் நான் நம்புகிறேன். இந்த மாதிரி ஆட்களை ஏமாற்றுக்காரி என்று சொல்வது எளிது. வலி நிஜம், காரணம் மட்டும் வேறு இடத்தில்.

இதற்கு நேர் எதிரான கதை இரண்டு நம் நாட்டிலேயே உண்டு. கலிலேயாவில் 1846-ல் பிறந்த மரியம் பவார்தி என்ற கார்மேல் சபைச் சகோதரி, 1870-ல் கப்பலேறி மங்களூர் வந்தார். ஐந்துகாயம் பெற்றவர். இங்கே சிலர் அவரை மனக்கோளாறு, பேயின் வேலை என்று சந்தேகித்து 1872-ல் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2015-ல் அவர் புனிதரானார். இன்னொருவர் திருச்சூர் பக்கம் புத்தன்சிறையில் 1876-ல் பிறந்த மரியம் திரேசியா. காயங்களை மூடி மறைத்தே வாழ்ந்தவர். ஆயர் (பிஷப்) உத்தரவின்பேரில் பல தடவை பேயோட்டினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. 1914-ல் திருக்குடும்ப சபையைத் தொடங்கினார். 1926-ல் காலில் கனமான பொருள் விழுந்து பட்ட காயம், சர்க்கரை நோயால் ஆறாமல் அவர் உயிரை எடுத்தது. ஐந்துகாயம் பெற்றவர் செத்தது ஆறாவது காயத்தால், எங்கள் வார்டில் வாரம் நாலு பார்க்கும் சர்க்கரைப் புண்ணால். அதைப் படித்த அன்று எனக்கு அந்த அம்மாள் மேல் தனி மரியாதை வந்தது. 2019-ல் புனிதர் பட்டம்.

ஆக, திருச்சபை சந்தேகப்படுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அதன் வழக்கம். 2024 மே மாதம் வத்திக்கான் இதற்குப் புது நெறிமுறைகளே வெளியிட்டது. இயற்கைக்கு மேற்பட்டது என்று சொல்லப்படும் எதையும் அந்த இடத்து ஆயர் விசாரித்து, ரோமையிடம் கலந்து, ஆறு வகை முடிவுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதில் மிக உயர்ந்த முடிவுகூட ‘தடை ஏதும் இல்லை’ என்பதுதான். ‘இது கடவுள் செயல்’ என்று முத்திரை குத்துவதைப் பொதுவாக விட்டுவிட்டார்கள். பணம், புகழ், அதிகாரம் தேடுவது, மனநலக் கோளாறு போன்றவை எதிர்மறை அடையாளங்கள் என்று எழுத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்த ஊர்ப் பங்குச் சாமியாரும் ஆயரும் என்ன சொல்கிறார்கள் என்பது பெரியம்மா கேட்க வேண்டிய கேள்வி. வீடியோவில் பேசும் ஆளிடம் அல்ல.

பெரியம்மாவிடம் ‘அதெல்லாம் பொய்’ என்று ஆரம்பிக்காதீர்கள், வேன் அன்றைக்கே புறப்பட்டுவிடும். உயிர்த்த இயேசுவின் காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவர் அவருடைய சீடர் தோமையார். மரபுப்படி நம் மயிலாப்பூர்க் கரைக்கு வந்து, ஈட்டிக் குத்து வாங்கி இறந்தவர். பார்க்க ஆசைப்படுவது தமிழ்நாட்டு விசுவாசிக்குப் புதிது இல்லை என்று சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

நீங்கள் அனுப்பிய வீடியோவை நானும் மூன்று தடவை பார்த்தேன். இரத்தம் கையில் எந்த ஆழத்திலிருந்து வருகிறது என்று தெரிவதற்குள் கேமரா நகர்ந்துவிடுகிறது. கடைசி அரை நிமிஷம் வங்கிக் கணக்கு எண்ணும் ஜிபே எண்ணும்தான் திரையில் நிற்கின்றன. அந்தப் பெண்ணின் முகம் ஒரே ஒரு தடவை வருகிறது. பல நாள் தூங்காத முகம், உதடு வெளுத்திருக்கிறது, இரத்தச்சோகை இருக்கலாம். கையில் சுற்றியிருப்பது வீட்டுத் துண்டு, சுத்தமான கட்டுத்துணிகூட இல்லை. பெரியம்மா போகத்தான் போகிறார் என்றால் பூமாலைக்குப் பதிலாக நாலு சுருள் காஸ் துணி வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணைத் தனியே பத்து நிமிஷம் பார்க்க விடுவார்களா என்று முதலில் போனில் கேட்கட்டும். விடுவார்கள் என்றால் நானும் வருகிறேன்; வேன் வாடகையில் பாதி என் பொறுப்பு.